பாலத்தில் விழுந்த அத்தையும் நான் வாதாடிய வழக்கும்

வக்கீலாவதற்கு மூன்று வருஷம் முன்பே நான் ஒரு வழக்கில் தோற்றுவிட்டேன். எதிர்த்தரப்பு வக்கீல் மொத்தமாக ஏழெட்டு வாக்கியம்தான் பேசினார். மிச்சத்தையெல்லாம் அவருக்காக நானே பேசிக் கொடுத்தேன்.

கேகாலைப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்திலிருந்து சட்டம் படிக்கப் போன முதல் ஆள் நான். (யாரும் கேட்காமலே இதை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.) சனிக்கிழமைதோறும் பஸ் பிடித்துக் கொழும்புக்கு வகுப்புக்குப் போவேன்.

லயத்துக்கும் பஸ் ரோட்டுக்கும் நடுவில் ஓர் ஓடை. அதன் மேல் தோட்டம் போட்ட பலகைப் பாலம். நடுப்பலகைகள் உக்கிப்போய் ஒரு வருஷத்துக்கு மேலாகியும் யாரும் மாற்றவில்லை. ஒரு சனிக்கிழமை காலை, மழைக்குள், ராஜம் அத்தை அந்தப் பலகையோடு சேர்ந்து கீழே போனார். கல்லில் விழுந்து தொடை எலும்பு முறிந்து, அரை மணி நேரம் தண்ணீரில் கிடந்தார். வேலைக்குப் போன ஒருவர் பார்த்து ஆள் கூப்பிட்டுத் தூக்கினார்.

அத்தை அப்பாவின் அக்கா. எங்களோடுதான் இருந்தார். காலமெல்லாம் ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு இரண்டு வருஷம் முன்புதான் வேலையிலிருந்து நின்றிருந்தார். அதனால் தொழிலாளிக்கான நட்டஈடு கிடையாது என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். தோட்டத்தின் கவனயீனத்தால்தான் விழுந்தார் என்று காட்டினால் மட்டுமே ஏதாவது கிடைக்கும். நல்லவேளையாக (என்று நினைத்தேன்) தோட்டத்துக் கம்பெனி எங்களைப் பேசக் கூப்பிட்ட வாரத்தில் எங்கள் வகுப்பில் கவனயீனப் பாடம் தொடங்கியிருந்தது. ஒரு சனிக்கிழமைப் பாடம் முடிந்திருந்தது. எனக்கு அது போதும் என்று பட்டது.

"டவுன்ல ஒரு நல்ல வக்கீலாப் பாப்போம்மா" என்றார் அப்பா.

"எதுக்குப்பா? மொத்தமே நாலு விஷயம். பாலத்தைப் பாத்துக்க வேண்டிய கடமை தோட்டத்துக்கு இருந்துச்சா? அதைச் செய்யாம விட்டாங்களா? அதனாலதான் விழுந்தாங்களா? அடிபட்டுச்சா? நாலுக்கும் ஆமா. முடிஞ்சுது."

அப்பா அத்தையின் காலைப் பார்த்தார்.

திரீவீலரில் அத்தையைப் படுக்க வைத்தமாதிரி உட்கார வைத்து ஆபீசுக்குக் கொண்டுபோனோம். உள்ளே தோட்ட மேனேஜரான தொரையும் கம்பெனி வக்கீலும் இருந்தார்கள். வக்கீல் நரைத்த தலை, மெல்லிய குரல். சிங்களத்தில்தான் பேசினோம். எனக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. அன்றைக்கு அதுவும் கெடுதலாகப் போனது.

"சொல்லுங்க நங்கி. பாலம் பழுதுன்னு நிர்வாகத்துக்குத் தெரியும்னு எப்படிச் சொல்றீங்க?" என்றார் வக்கீல். நங்கி என்றால் தங்கச்சி.

இந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்திருந்தேன். "தெரியாம எப்படி? லயத்துல கைக்குழந்தைக்கும் தெரியும். எங்க அத்தையே மூணு தரம் இங்க வந்து சொல்லியிருக்காங்க."

"அப்ப அத்தைக்கு ரொம்ப நாளாத் தெரியும்?"

"அவங்கதான் முதல்ல கண்டதே! பக்கத்து வீட்டுப் புள்ளைங்களை அந்தப் பக்கம் போகவே விடமாட்டாங்க."

அவர் நிதானமாக எழுதினார். அத்தை ஊன்றுகோலால் என் காலை இடித்து, தமிழில், "போதும் புள்ள" என்றார்.

"சும்மா இருங்க அத்தை, நான் பேசுறேன்."

"ரோட்டுக்கு வர வேற வழி இல்லையா நங்கி?"

"இருக்கு. ரப்பர் ஸ்டோரைச் சுத்தி வரணும். இருபது நிமிஷம் கூட ஆகும்." (உண்மை பேசும் பெண் என்று பெயர் வாங்க ஆசை.)

"அப்படின்னா அன்னைக்கு ஏன் பாலத்துல வந்தாங்க?"

பதில் எனக்குத் தெரியும். அன்று நான் வகுப்பில் எழுதும் கொப்பியை வீட்டில் விட்டுவிட்டு, ரோட்டிலிருந்து போன் பண்ணி, "ஓடி வாங்க அத்தை, பஸ் வந்துரும்" என்றேன். பஸ் வந்தது. ஏறினேன். ஒரு கொப்பியைக் கொண்டுவர இவ்வளவு நேரமா என்று கொழும்பு வரைக்கும் அத்தைமேல் கோபமாகவே போனேன். நான் பஸ் ஏறிய நேரத்தில் அவர் ஓடைக்குள் கிடந்தார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை சிங்களத்தில் சொன்னார்: "எனக்குத்தான் அவசரம் மாத்தையா. கடைக்குப் போனேன்."

அந்த அறையில் நான் பேசாமல் இருந்தது அந்த ஒரு தரம்தான். பிறகு எல்லாவற்றையும் எழுதி என் முன்னால் வைத்தார்கள். சொன்னது சொன்னபடி இருந்தது. அத்தை கைநாட்டு வைத்தார். கீழே சாட்சியாக நான் அழகாகக் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த சனிக்கிழமைப் பாடம், அடிபட்டவருடைய கவனயீனம். தப்பில் அவருக்கும் பங்கு இருந்தால் நட்டஈடு குறையுமாம். அதற்காக முழுக்க இல்லாமல் போகாதாம். விரிவுரையாளர் சொல்லிக்கொண்டே போனார். நான் கொப்பியை மூடி வைத்தேன்.

கம்பெனியின் கடிதமும் வந்தது. ஆபத்து தெரிந்தும், வேறு வழி இருந்தும், சொந்த அவசரத்துக்காகப் போனவருக்கு நிர்வாகம் பொறுப்பல்ல என்றிருந்தது. ஓடிப்போய்க் கேகாலையில் ஒரு வக்கீலைப் பார்த்தோம். தாளைப் படித்துவிட்டு, "இப்படி எழுதிக் கொடுக்கச் சொன்ன மடையன் யாரு?" என்று கேட்டார். அப்பா சுவரிலிருந்த கலண்டரைப் பார்த்தார். "நான்தான் சார்" என்றேன்.

இன்னும் வழக்குப் போடலாம், ஆனால் பல வருஷம் இழுக்கும் என்றார் அவர். அத்தை வேண்டாம் என்றுவிட்டார். கோர்ட்டில் ஏறினால், ஏன் பாலத்தில் வந்தார் என்ற அந்தக் கேள்வியை என்னிடம் மறுபடி கேட்பார்கள் என்றுதான் வேண்டாமென்றார். அவர் அப்படிச் சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

போன வருஷம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். "பொண்ணு வக்கீலாமே?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார்.

"வக்கீல்தான்" என்றார் அத்தை. "எந்தப் பக்கத்துக்குன்னுதான் இன்னும் தெரியல."

வீடே சிரித்தது. இப்போது எங்கள் வீட்டில் எந்த விசேஷமென்றாலும் யாராவது இதை எடுத்துவிடுவார்கள். அத்தைதான் முதலில் சிரிப்பார். சிரித்து முடித்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, குட்டையாகிப்போன காலை இழுத்து மெல்ல எழும்புவார்.