ஆறரைக் கட்டைக்கு வந்த சோதனை

அந்த வீட்டில் இருந்தது ஒரே ஒரு மேசை. அதன் மேல் மூன்று மாதமாக ஒரு ரெக்கார்டு பிளேயர் குடியிருந்தது.

கணவர் இசைக் காப்பகத்தில் அட்டவணை தயாரிப்பவர். பழைய இசைத்தட்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து கேட்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டையில் வேகம், சுருதி, மனநிலை என்று மூன்று கட்டம் நிரப்ப வேண்டும். மனைவி மருத்துவமனையில் நர்ஸ். தலைமை நர்ஸ் தேர்வுக்கு இன்னும் இரண்டே வாரம். கட்டிலில் புத்தகத்தைப் பரப்பிக் குனிந்து படித்ததில் அவள் முதுகு கேள்விக்குறியாகிவிட்டது.

"ஏங்க, அந்தப் பெட்டியை உள்ளறைக்கு மாத்துங்களேன். எனக்கு மேசை வேணும்."

"ஒலின்னா என்னன்னு உனக்குத் தெரியாது. அது இம்மி நகரக் கூடாது!"

காதை வைத்துப் பிழைக்கும் மனிதருக்கு மனைவி பேசுவது மட்டும் கேட்காது.

திங்கட்கிழமை ஒரு தட்டு வந்தது. ஜாஸ் பிறந்த புதிதில் பதிவானது. ஆறு பேர் ஆளுக்கொரு பக்கம் இழுத்துச் சண்டை போட்டு, கடைசியில் கட்டிப்பிடித்துக்கொள்கிற மாதிரி இசை. அவர் கடிகாரத்தைப் பார்த்துத் தொடையில் தாளம் போட்டார். நிமிடத்துக்கு இருநூறு. ஆர்மோனியத்தை அழுத்திப் பார்த்தார். சுருதி ஆறரைக் கட்டை. மனநிலை: குதூகலம்.

செவ்வாய்க்கிழமை சரிபார்க்கப் போட்டார். நூற்று எண்பத்தொன்பது! ஆறு கட்டை! டிரம்பெட் யாரையோ பிரிந்த மாதிரி விசும்பியது.

"ஏம்மா, இது நேத்து பாடின தட்டுதானே?"

"சாப்பாட்டுத் தட்டு எதுவும் நம்ம வீட்டுல பாடுறதில்லைங்க."

'குதூகலம்' அடிக்கப்பட்டு 'ஏக்கம்' ஆனது.

புதன்கிழமை இருநூற்றுப் பன்னிரண்டு. ஏழு கட்டை. கிளாரினெட் வால் மிதிபட்ட பூனை போல அலறியது. 'பதற்றம்' என்று எழுதினார். பதற்றம் தட்டுக்கா தனக்கா என்று அவருக்கே விளங்கவில்லை.

"நேத்து ஆறு, இன்னிக்கு ஏழும்மா!"

"நாளுக்கு ஒரு கட்டை ஏறினா மாசக் கடைசியில விறகுக்கடையே வச்சிடலாம்."

"விளையாடாதே. காது போச்சுன்னா வேலையும் போச்சு. இருபத்திரண்டு வருஷ உத்தியோகம்!"

அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். "தட்டோட வேகம் எனக்குத் தெரியாது. உங்களுக்கு நூத்திப் பத்து. முதல்ல உட்காருங்க."

உட்கார்ந்தார். தலை சுற்றியது. தட்டும் சுற்றியது.

அவள் மெதுவாகச் சொன்னாள்: "எனக்கு என்ன தெரியும்... பக்கத்துலயே ஃப்ரிட்ஜ் ஓடுது. அதனால கரண்டு கூடுதோ குறையுதோ. உள்ளறையில வச்சுத்தான் பாருங்களேன்."

இம்மி நகரக் கூடாத பெட்டியை அவரே நெஞ்சோடு அணைத்துத் தூக்கிப்போனார். உள்ளறையில் மூன்று நாள், ஒன்பது தடவை கேட்டார். ஒவ்வொரு தடவையும் நூற்றுத் தொண்ணூற்று நாலு. சுருதி ஆறுக்கும் ஆறரைக்கும் நடுவில் எங்கேயோ நின்றது. நின்றால் சரி! காது பிழைத்தது. வெளியே மேசையில் அவள் நிமிர்ந்து உட்கார்ந்து படித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கையில் எட்டுப் பக்கத்தோடு வந்தார்.

"கேளு! 'இசைத்தட்டின் சுருதியைக் கெடுக்கும் ஃப்ரிட்ஜ்.' நாளைக்குக் காப்பகத்துல எல்லார் முன்னாடியும் வாசிக்கப்போறேன். உலகத்துலயே யாரும் கண்டுபிடிக்காதது!"

அவள் பேனாவை மூடி வைத்தாள். புருஷன் ஊர் சிரிக்க நிற்பதைப் பார்த்துக்கொண்டிருக்க அவளால் முடியவில்லை.

"அதை வாசிச்சிடாதீங்க. ஃப்ரிட்ஜ் பாவம், ஒண்ணும் பண்ணலை. பெட்டிக்குப் பின்னாடி வேகத்துக்கு ஒரு திருகு இருக்குல்ல? போன ஞாயித்துக்கிழமை ராத்திரியிலேர்ந்து, நீங்க உள்ளறைக்குத் தூக்கிப்போன ராத்திரி வரைக்கும், அதை நான்தான் தினமும் கொஞ்சம் திருப்பினேன்."

அவர் சட்டென்று உள்ளறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். காப்பகப் பொறியாளர் சரிபார்த்துக் கொடுத்த திருகு அது. அதில் எண் கிடையாது, கோடு கிடையாது. அந்தப் பொறியாளரும் வேலையை விட்டு வெளிநாடு போய்விட்டார்.

"ஏன்... ஏன் இப்படிப் பண்ணினே?"

"மூணு மாசமா வாயால கேட்டேன், காதுல விழலை. அதான் உங்க காதுக்குப் புரியிற மாதிரி கேட்டேன்."

அவர் எட்டுப் பக்கத்தையும் நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் திணித்தார். குரல் தழைந்து கெஞ்சியது.

"போகட்டும்மா. மேசையை நீயே வச்சுக்கோ. அந்தத் திருகு முதல்ல எங்கே இருந்துச்சு? அதை மட்டும் சொல்லு."

அவள் புத்தகத்தில் ஒரு பக்கம் புரட்டினாள்.

"அட, அதைப் பார்க்காமலேயே இல்ல திருப்பிட்டேன்!"