திருஷ்டிக்கு மாட்டிய முகம்

"அது யாரு மேன்?"

கேட்டவரையும், அவர் விரல் நீட்டிய படத்தையும் மாறி மாறிப் பார்த்தான் மேஸ்திரி முனியப்பன். இரண்டும் ஒரே முகம்.

சாரத்தில் நாலடி ஃபிளெக்ஸாகத் தொங்கி, பெங்களூரு வைட்ஃபீல்ட் தெருவையே முறைத்துக்கொண்டிருந்த ஆள், இப்போது ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி மணல் குவியல்மேல் நின்று முறைத்தார். நேரில் இன்னும் நன்றாக முறைத்தார்.

"நான் கிளெமென்ட். காக்ஸ் டவுன்ல கணக்கு வாத்தியார். யாரைக் கேட்டு என் மூஞ்சிய மாட்டின?"

"வாட்ஸ்அப் குரூப்புல திருஷ்டி படம்னு ஃபார்வர்டு ஆகி வந்துச்சு சார். முழி நல்லா எடுப்பா இருந்துச்சா, யாரோ சினிமா வில்லன்னு நெனச்சுட்டேன்."

கட்டுகிற வீட்டுக்குப் பூசணிக்காயில் பூதம் வரைந்து மாட்டிய காலம் போய்விட்டது. இப்போது எந்த சைட்டைப் பார்த்தாலும் முறைக்கிற போட்டோதான். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வீட்டுக்காரர் ஆராவமுதன், "எங்கள் இல்லம் எழும்புகிறது" என்று கட்டடத்தைப் படம் பிடித்து ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டார். கிளெமென்டின் பழைய மாணவர்கள் முந்நூறு பேர், "சார் இங்கயும் டெஸ்ட் வைக்கிறார்" என்று அதை ஊரெல்லாம் பரப்பிவிட்டார்கள்.

"நாளைக்குள்ள எடுக்கல, உனக்கும் உங்க ஓனருக்கும் வக்கீல் நோட்டீஸ்!"

முனியப்பன் மல்லேஸ்வரத்தில் இருக்கும் வீட்டுக்காரருக்குப் போன் போட்டான்.

"என் போஸ்டை அப்பவே அழிச்சுட்டேன்" என்றார் ஆராவமுதன். "வக்கீலையும் கேட்டாச்சு. இன்டர்நெட்ல கிடந்துதுன்னு எடுத்துக்கப்படாதாம். படம் எடுத்தவா பர்மிஷன் வேணும், மூஞ்சிக்காரரும் ஒத்துக்கணும். ஆனா வெள்ளிக்கிழமை ரூஃப் கான்கிரீட், திருஷ்டி இல்லாம நடத்தப்படாது. உனக்கு முடியலேன்னா சொல்லு முனியப்பா, வேற மேஸ்திரி பாத்துக்கறேன்."

வேறு மேஸ்திரி வந்தால் வேறு ஆட்களும் வருவார்கள். தருமபுரியிலிருந்து வந்து தகரக் கொட்டகையில் கிடக்கும் எட்டுப் பேர் அன்றைக்கே மூட்டை கட்ட வேண்டியதுதான். முனியப்பன் பன்னிரண்டு வயதில் செங்கல் சுமக்க ஆரம்பித்தவன். எந்தச் செங்கல்லும் அவன் தலையில் ஏற பர்மிஷன் கேட்டதில்லை.

"ஒரு மீசைய வரைஞ்சு விட்டா வேற ஆளாயிடும்ணே" என்றான் கொத்தனார் பச்சைமுத்து.

வரைந்தார்கள். கறுப்பு பெயின்ட் மிச்சம் இருந்ததால் இரண்டு கொம்பும் வைத்தார்கள்.

மறுநாள் கிளெமென்ட் மறுபடி வந்து நின்றார். "திருடினது பத்தாதுன்னு கேவலம் வேற பண்றியா? இன்னைக்கு எட்டாங்கிளாஸ் போர்டு பூரா கொம்பு மேன்! நோட்டீஸ் டைப் ஆயிட்டு இருக்கு!"

படம் இறங்கியது. கொக்கி காலியாகத் தொங்கியது. கேஸ் போடாத மூஞ்சி ஒன்று உடனே வேண்டும்.

"நம்ம மேல நாமளே கேஸ் போட்டுக்க மாட்டோம்ல?" என்ற முனியப்பன், கண்ணை உருட்டி நின்றான். பச்சைமுத்து செல்போனில் எடுத்தான்.

ஃபிளெக்ஸ் கடைக்காரன் எத்தனையோ மூஞ்சிகளைப் பார்த்தவன். இவ்வளவு களைத்த மூஞ்சி எதற்கு வரும் என்று அவனுக்குத் தெரியாதா? கேட்காமலே ஒரு மாலையும் இரண்டு குத்துவிளக்கும் சேர்த்துவிட்டான். இருட்டும் நேரத்தில் அவசரமாக மாட்டியதில் யாரும் கவனிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை கான்கிரீட் கும்பல் மிஷினோடு தெருமுனைவரை வந்தது. படத்தைப் பார்த்தது. தலைத்துண்டை அவிழ்த்து ஒரு நிமிஷம் நின்றுவிட்டு, ஹொசகோட்டேயில் வேறு வேலைக்குப் போய்விட்டது. போன் போட்டு விசாரித்திருக்கலாம்தான். செத்தவன் நம்பருக்கு யார் போடுவார்கள்? எதிர்வீட்டு அம்மா கேட்டில் பூ வைத்துவிட்டுப் போனாள்.

ஆராவமுதன் ஆட்டோவை விட்டு இறங்கி அண்ணாந்து பார்த்தார்.

"உன்னைப் பாத்தா எவனுக்குப்பா பயம் வரும்? அழுகைதான் வரது. ரூஃபும் நின்னாச்சு. மத்தியானத்துக்குள்ள ஒழுங்கா ஒரு திருஷ்டி படம் மாட்டு. இல்லேன்னா சாயங்காலம் புது மேஸ்திரி வரான்."

முனியப்பன் சிமென்ட் மூட்டைமேல் உட்கார்ந்தான். செத்தும்கூட ஒருநாள் லீவு கிடைக்கவில்லை.

அப்போது ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. ஒல்லியான அம்மா ஒருத்தி இறங்கினாள். "நான் சிந்தியா. கிளெமென்ட் சார் வீட்ல."

முனியப்பன் பதறி எழுந்து கும்பிட்டான். "எடுத்துட்டோம்மா! நோட்டீஸ் மட்டும் வேணாம்மா, எட்டுப் பேர் பொழப்பு."

அவள் மூலையில் சுருட்டிக் கிடந்த ஃபிளெக்ஸை விரித்து, மீசையையும் கொம்பையும் நிதானமாகப் பார்த்தாள்.

ஆராவமுதன் குறுக்கே வந்தார். "தப்புதாம்மா. முறைப்படி பர்மிஷன் கேக்கலாம்னா, இந்தப் படத்தை எடுத்தது யாருன்னே தெரியலை."

சிந்தியா தெருவை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"மீன் கொழம்புல உப்பில்லைன்னு அவர் மொறைச்சப்ப எடுத்ததும் நான்தான், திருஷ்டி படம்னு குரூப்புல விட்டதும் நான்தான், கொம்போடயே மாட்டுங்க சார், அவர் கையெழுத்த நான் வாங்கித் தர்றேன்."