ஓடியவரை உட்கார வைத்த வரலாறு

திறமையை மதிக்கத் தெரிந்த நிறுவனம் இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அது கவாசாகி நகரத்தில் இருக்கும் ஷிராகுமோ மின்தூக்கி நிறுவனம். மற்ற இடங்களில் நன்றாக ஓடுகிறவனை இன்னும் ஓடு, இன்னும் ஓடு என்று விரட்டுவார்கள், ஈவிரக்கம் இல்லாதவர்கள். ஷிராகுமோவில் நன்றாக ஓடினால் உட்காரச் சொல்வார்கள். இந்த உயர்ந்த கொள்கையால் நான்கே ஆண்டுகளில் உச்சிக்குப் போன ஜெரல் டூப்ரேயின் வரலாற்றை இளைஞர்கள் படித்துப் பயன்பெற வேண்டும்.

ஜெரலின் சொந்த ஊர் அலபாமாவில் இருக்கிறது. பெயரைச் சொன்னால் அலபாமாக்காரர்களே "அது எங்கே?" என்று கேட்பார்கள். அமெரிக்கக் கால்பந்தில் அவர் ரிசீவர். காதில் வைத்துப் பேசும் ரிசீவர் அல்ல. எறிந்த பந்தை ஓடிக்கொண்டே பிடித்து, எதிரணியினர் மேலே விழுந்து நசுக்குவதற்குள் கடைசிக் கோட்டைத் தாண்ட வேண்டிய ரிசீவர்.

அங்கே ஆண்டுக்கு ஒருமுறை, பெரிய லீக்கின் அணிகள் கல்லூரிப் பையன்களைப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்ளும். ஜெரலுக்கு இருபத்திரண்டு வயதானபோது அவர் தாயார் நாற்பது பேரை வீட்டுக்கு அழைத்து, தொலைக்காட்சியைப் போட்டு, கேக் ஒன்றும் செய்து வைத்தார். மேலே "வாழ்த்துகள்" என்று எழுதி, கீழே அணியின் பெயருக்கு இடம் விட்டிருந்தார். மூன்று நாளில் ஏழு சுற்று, இருநூற்றைம்பதுக்கு மேல் பெயர்கள் வாசித்தார்கள். ஜெரலின் பெயர் வரவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் அந்த அம்மாள் விட்ட இடத்தில் "கடவுள் இருக்கிறார்" என்று எழுதி, கேக்கை வெட்டினார்.

ஷிராகுமோவிலிருந்து அழைப்பு வந்தது அதற்குப் பிறகுதான். ஜப்பானில் கம்பெனிகளே அணி வைத்திருக்கும் லீக் அது. வாரநாளில் அலுவலகம், புதன் மாலையும் சனி ஞாயிறும் பந்து. ஜெரல் கணக்குப் போட்டார். இரண்டு வருஷம் ஆடுவது, நல்ல வீடியோ எடுத்துக்கொள்வது, ஊருக்குத் திரும்பிப் பெரிய லீக்கின் கதவைத் தட்டுவது. அதுவரை பொத்தான் சோதனைப் பிரிவில், கதவு மூடும் பொத்தானை நாளொன்றுக்கு நாலாயிரம் தடவை அழுத்தும் வேலை.

முதல் ஆட்டத்தில் அவர் ஓடி, எல்லாரையும் ஏமாற்றி, கோட்டோரம் தன்னந்தனியாக நின்று கையை ஆட்டினார். பந்து எறியும் உசுகி அவரைப் பார்த்தான். வருத்தத்தோடு தலை குனிந்தான். பிறகு வலது பக்கம் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த கொள்முதல் பிரிவு நிஷிகாதாவுக்கு எறிந்தான். அது அவர் கையில் பட்டுக் கீழே விழுந்தது.

"உசுகி, என்னைச் சுத்தி ஒரு ஈ காக்கா இல்ல. ஏன்டா எனக்கு எறியல?"

"பார்த்தேன் ஜெரல்-சான்" என்றான் உசுகி. எல்லார் பெயரோடும் மரியாதைக்குச் "சான்" சேர்ப்பது அங்கே வழக்கம். "மனசு கேக்கலதான். ஆனா நிஷிகாதா-சான் கம்பெனில சேர்ந்து பதினேழு வருஷம். நீங்க சேர்ந்து பதினேழு நாள்."

"அவரு பந்தைப் பிடிக்கவே மாட்டேங்குறாரே!"

"பிடிக்கிறது பிடிக்காதது அவர் விருப்பம். எறியறது என் கடமை."

மூன்றாவது ஆட்டத்தில் விபத்து ஒன்று நடந்தது. நிஷிகாதாவின் நெஞ்சில் மோதித் தெறித்த பந்து ஜெரலின் கையில் வந்து விழுந்தது. கையில் விழுந்ததைக் கீழே போட அவருக்குச் சொல்லிக் கொடுக்கப்படவில்லை. எழுபது கஜம் ஓடிக் கடைசிக் கோட்டைத் தாண்டி டச்டவுன் போட்டுவிட்டார், அணியும் ஜெயித்துவிட்டது. மறுநாள் காலை ஹிராமட்சு கூப்பிட்டனுப்பினார். அவர் நிர்வாகத் துறையின் தலைவர், அணிக்கும் மேலாளர்.

"பிரமாதமான டச்டவுன், ஜெரல்-சான். மன்னிப்புக் கடிதம் எப்போ தர்றீங்க?"

"எதுக்கு சார்?"

"அது நிஷிகாதா-சானோட பந்து."

ஜெரல் எழுதிக் கொடுத்தார். நிஷிகாதா கண்கலங்கி ஒரு பெட்டி பயறு பன் வாங்கித் தந்தார். ஆனாலும் ஜெயித்த ருசி நிர்வாகத்தின் நாக்கில் ஒட்டிக்கொண்டது. "பந்து செல்ல வேண்டிய திசை குறித்து" என்ற பொருளில் நாலு மணி நேரம் கூட்டம் நடந்தது.

"ஜெரல்-சானுக்கு எறிஞ்சா ஜெயிக்கிறோம்" என்றார் ஹிராமட்சு. "ஆனா எறிய முடியாது. அவர் ஜூனியர்."

கடைசியில், தூங்குவதாக எல்லாரும் மரியாதையோடு நம்பிக்கொண்டிருந்த நிறுவனத் தலைவர் ஒரு கண்ணைத் திறந்தார்.

"அப்போ சீனியர் ஆக்கிடுங்க."

இப்படிப்பட்ட தீர்க்கதரிசிகள் இருப்பதால்தான் அந்த ஊரில் மின்தூக்கிகள் குறித்த மாடியில் நிற்கின்றன. ஜெரல் உதவிப் பிரிவுத் தலைவர் ஆனார். நாற்காலிக்குக் கை முளைத்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை உசுகி நிம்மதியாக அவருக்கு எறிந்தான். ஜெரல் மூன்று டச்டவுன் போட்டார். பிரிவுத் தலைவர் ஆக்கினார்கள். பிரிவுத் தலைவர்களுக்குப் புதன் மாலை கூட்டம் உண்டு என்பதால் புதன் பயிற்சி போயிற்று. அடுத்த பருவத்தில் இன்னும் அதிகமாகப் போட்டார். துணைத் துறைத் தலைவர் ஆக்கினார்கள். சனிக்கிழமை பயிற்சியும் போயிற்று.

பயிற்சி போனால் ஆட்டம் கெடும் என்று சாமானியர்கள் நினைப்பார்கள். பதவியின் பெருமை அவர்களுக்குத் தெரியாது. ஷிராகுமோவுக்குக் கயிறு விற்கும் கம்பெனி, கதவு விற்கும் கம்பெனி, பொத்தான் விற்கும் கம்பெனி எல்லாமே அந்த லீக்கில் ஆடின. ஆட்டத்துக்கு முன் இரு அணியினரும் இரண்டு கையாலும் விசிட்டிங் கார்டு மாற்றிக்கொள்வது வழக்கம். ஜெரலின் கார்டைப் படித்த பிறகு அவரை அடித்துச் சாய்க்க யாருக்குக் கை வரும்? ஒருமுறை கயிற்றுக் கம்பெனிப் பையன் ஒருவன் அவர்மேல் பாய்ந்தான். பாதி தூரத்தில் முகம் தெரிந்துவிட்டது. அந்தரத்தில் இருந்தபடியே வணங்கிவிட்டு வேறு பக்கமாகப் போய் விழுந்தான்.

நாலாவது பருவத்தில் ஜெரல் முப்பத்தெட்டு டச்டவுன் போட்டார். அந்த லீக்கில் அதற்குமுன் யாரும் போட்டதில்லை. துறைத் தலைவரும் ஆனார். நாற்காலியின் முதுகு அவர் தலைக்கு மேல் வளர்ந்தது. ஒன்றை மறைக்கக் கூடாது, அவருக்கு அது பிடித்துத்தான் இருந்தது. இருநூற்றைம்பது பேருக்குப் பின்னாலும் இடம் கிடைக்காதவனுக்கு, உள்ளே நுழைந்ததும் ஒரு கூடமே எழுந்து நிற்கிறது என்றால் சும்மாவா?

அப்போதுதான் கிரிக்ஸ்பி வந்தார். அமெரிக்கப் பெரிய லீக் அணி ஒன்றுக்கு ஆள் பொறுக்குபவர். ஸ்டேஷன் பக்கத்தில் கோழிக்குச்சி சுடும் கடையில் உட்கார்ந்து, ஜெரலின் வீடியோவை மூன்று தடவை பார்த்தார்.

"ஏம்ப்பா, உன்னை யாரும் தொடவே மாட்டேங்குறாங்களே?"

"வேகம் சார்."

"வேகமா? இவன் நின்னு கும்பிடுறான். இவன் உனக்கு வழிவிட்டுட்டு, பின்னால வர்றவனையும் தடுக்கிறான். இவன் உங்க டீமா?"

"இல்ல சார். கதவு சப்ளை பண்றவங்க."

கிரிக்ஸ்பி குச்சியைக் கீழே வைத்தார். "இங்க பாரு, உன் கை தங்கமான கை. ஆனா நம்ம ஊர்ல பந்து கைக்கு வர்ற அதே நொடியில ஒரு குவிண்டால் ஆள் வந்து மோதுவான். அப்பவும் பந்தை விடாம எந்திரிப்பியா? அதை மட்டும் எனக்குக் காட்டு. ஃபைனலுக்கு வர்றேன். ஒரே ஒரு பந்து, ஒரே ஒரு அடி. பார்த்துட்டேன்னா மறுநாளே உன்னைக் கூட்டிட்டுப் போறேன். உனக்கு இருபத்தாறு வயசு. அடுத்த வருஷம் வர மாட்டேன்."

ஜெரலுக்கு அன்று கால் தரையில் பாவவில்லை. ஏனென்றால் ஃபைனலில் எதிரணி ஹோஷிமுரா கட்டுமான நிறுவனம். ஷிராகுமோ செய்யும் மின்தூக்கிகளில் பாதியை வாங்குபவர்கள். வாடிக்கையாளரே தெய்வம் என்பார்கள் அங்கே. தெய்வம் பக்தனை அடிக்கத் தயங்குமா? நாலு வருஷத்துக்குப் பிறகு தனக்கு ஓர் அடி விழப்போகிறது என்று நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டார்.

ஹிராமட்சு சிரிக்கவில்லை. "ஒரு துறைத் தலைவர் வாடிக்கையாளர் முன்னாடி மண்ணுல விழறதா? கம்பெனி மானம் என்ன ஆகுறது?"

"அப்போ என்னைப் பழையபடி பொத்தான் அழுத்த அனுப்பிடுங்க சார். சாதா ஆள் விழுந்தா மானம் போகாதே?"

ஹிராமட்சு பல்லிடுக்கில் காற்றை மெல்ல உள்ளே இழுத்தார். அங்கே அதற்கு "முடியாது" என்று பொருள். பதவி இறக்கம் கேட்க அச்சிட்ட படிவமே கிடையாது. ஜெரல் விடவில்லை, கையாலேயே எழுதிக் கொடுத்தார். அந்த விண்ணப்பம் மேசை மேசையாகப் போய்ப் பதினேழு முத்திரை வாங்கியது. ஒவ்வொரு முத்திரையும் அடுத்த அதிகாரியின் முத்திரையைப் பார்த்துப் பணிவாகச் சாய்ந்திருந்தது. ஃபைனலுக்கு முந்தின நாள் முடிவு வந்தது.

"நிர்வாகக் குழுவே நெகிழ்ந்துபோச்சு" என்றார் ஹிராமட்சு. "கம்பெனி வரலாற்றிலேயே பதவியைக் குறைச்சுக் கேட்டவர் யாரும் இல்லையாம். இப்படி ஒரு பணிவைப் பாராட்டி உங்களை இயக்குநர் ஆக்கியிருக்காங்க, ஐயா."

நேற்றுவரை "ஜெரல்-சான்" என்று அழைத்தவர் இன்று "ஐயா" என்றதைக் கவனிக்க வேண்டும். இயக்குநர்கள் ஆட மாட்டார்கள். மேலே மாடத்தில், வாடிக்கையாளரின் தலைவருக்குப் பக்கத்தில் அமர்ந்து உபசரிப்பார்கள்.

"எனக்கு வேண்டாம்னு சொன்னா?"

"அதுவும் பணிவுதான் ஐயா. ஆனா இதுக்கு மேல கொடுக்க எங்ககிட்ட பதவி இல்ல. தலைவர் நாற்காலிதான் பாக்கி, அதுல தலைவர் இருக்கார்."

ஜெரல் கோட்டுக்கு உள்ளே ஆட்டச் சட்டையைப் போட்டுக்கொண்டு மாடத்துக்கு வந்தார். எதிர்ப்பக்க வரிசையில் கிரிக்ஸ்பி நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். கடைசி நிமிடத்தில் ஷிராகுமோ நாலு புள்ளி பின்தங்கியிருந்தது. ஒரு டச்டவுன் போட்டால் ஆறு புள்ளி, கோப்பையும் கையில். ஆட்டத்தை நிறுத்தி இரு அணியும் தனித்தனியாகக் கலந்து பேசின. கீழே உசுகி மாடத்தைப் பார்த்தான்.

ஜெரல் எழுந்து நின்றார்.

இயக்குநர் நிற்கும்போது ஊழியர் உட்காரலாமா? பின்னால் இருந்த அறுபது பேரும் எழுந்தார்கள். "உட்காருய்யா, மறைக்குது!" என்று அவர்களுக்குப் பின்னால் இருந்தவர்கள் கத்தினார்கள். ஜெரல் கூச்சத்தோடு உட்கார்ந்தார். அறுபது பேரும் உட்கார்ந்தார்கள். மறுபடி எழுந்தார். மறுபடி அறுபது பேர்.

"ஐயாவுக்கு டீ சொல்லட்டுமா?" என்று ஹிராமட்சு காதோரம் கேட்டார்.

"நான் கீழ போகணும்."

"தாராளமா போங்க ஐயா. எல்லாரும் கூட வர்றோம்."

ஹோஷிமுராவின் தலைவர் மகிழ்ந்துபோனார். "இந்த வயசுல எவ்வளவு மரியாதை சம்பாதிச்சிருக்கீங்க! என் ஆளுங்க நான் வந்தாக்கூட இப்படி எந்திரிக்க மாட்டாங்க."

கதவு எட்டடி தூரத்தில் இருந்தது. யாரும் பூட்டவில்லை. யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை. முப்பத்தெட்டு டச்டவுன் போட்டவருக்கு எட்டடி ஒரு தூரமா? ஆனால் அறுபது பேர் நின்றுகொண்டு, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு பேர் தன்னை அப்படிப் பார்க்க வேண்டும் என்றுதானே வீட்டில் மூன்று நாள் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தார்? பக்கத்து நாற்காலித் தெய்வத்துக்கு ஒரு புன்னகை செய்துவிட்டு, ஜெரல் உட்கார்ந்தார்.

உசுகி கோட்டோரம் யாருமே இல்லாத மூலைக்குப் பந்தை எறிந்தான். அளந்து எறிந்த மாதிரி, ஓடிவரும் ஒருவர் நெஞ்சுயரத்தில் பிடிக்கும்படி வந்து, புல்லில் விழுந்து, தானாக உருண்டு நின்றது. ஆட்டம் முடிந்தது. வாடிக்கையாளர் ஜெயித்ததில் ஷிராகுமோ நிர்வாகத்துக்குப் பரம திருப்தி.

கிரிக்ஸ்பி மாடத்துக்கு ஏறி வந்தார். ஜெரல் இரண்டு கையாலும் கார்டை நீட்டினார். பழக்கம் வந்துவிட்டது, என்ன செய்வது?

"இயக்குநரா! பெரிய ஆளாயிட்டியே. இனிமே உனக்கு எதுக்குப்பா இந்த அடிதடியெல்லாம்?" கிரிக்ஸ்பி தோளில் தட்டிக் கொடுத்துவிட்டுப் படியிறங்கிப் போனார். தட்டியது மெதுவாகத்தான். ஜெரலுக்கு அது வலித்தது.

அடுத்த மாதம் நிறுவனத்தின் இதழ் ஜெரலின் படத்தை அட்டையில் போட்டுச் சிறப்பு மலர் வெளியிட்டது. அதில் ஹிராமட்சு எழுதுகிறார்: "இந்த நான்கு ஆண்டுகளில் எங்கள் நிறுவனம் அவரை ஒருநாளும் கீழே விழ விட்டதில்லை."

சத்தியமான வார்த்தை. விழ விட்டிருந்தால் எழுந்து ஓடியிருப்பார்.