இயக்குநரின் பல்லுக்கு மேலே ஒரு பல்

இயக்குநர் அவர்களுக்குக் கீழ்த்தாடையில் ஞானப்பல் முளைத்தது. நேராக முளைக்காமல் குறுக்கே படுத்துக்கொண்டது. அதன் எக்ஸ்ரேவுக்குச் சட்டம் போட்டு அலுவலக வாசலில் மாட்டினார்கள். அன்றிலிருந்து அலுவலகமே கன்னத்தில் கைவைத்தபடி வேலை பார்த்தது. பல்லே இல்லாத வாயிற்காவலர்கூட, "ரெண்டு நாளா தூக்கமே இல்லைங்க" என்றார்.

நிஜமாக வலித்த இன்னொருவர் தட்டச்சர் மட்டும்தான். பாவம், அவருடைய ஞானப்பல் மேல்தாடையில் தலைகீழாக முளைத்து, கண்ணை நோக்கிப் புறப்பட்டிருந்தது. "சீக்கிரம் அறுத்து எடுக்கணும், விட்டா கண்ணுக்கே ஆபத்து" என்று மருத்துவர் சொல்லிவிட்டார். "லீவு வாங்காம வீட்டுப் பக்கம் வராதீங்க" என்று மனைவியும் சொல்லிவிட்டாள்.

பணியாளர் மேலாளர் விண்ணப்பத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இயக்குநர் பல் எங்கே இருக்கு?"

"கீழ்த்தாடையில, சார்."

"உங்க பல்?"

"கண்ணுக்குக் கீழே."

"அவருக்கு மேலே நீங்க எப்படிப் போனீங்க? யார் அனுமதி கொடுத்தா?"

"அதுவா போச்சு, சார்."

"மேலே போறவன் எல்லாம் இதையேதான் சொல்றான். முதல்ல அவர் பல்லை எடுக்கட்டும். அப்புறம் பதவி வரிசைப்படி உங்களுக்கு வரும்."

இயக்குநருக்கோ ஊசி என்றாலே தொடை நடுங்கும். தேதி தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. தட்டச்சரின் கண் வீங்கி மூடிக்கொண்டது. வலி பொறுக்காமல் ஒருநாள் இயக்குநர் அறைக்குள் நுழைந்து, "ஐயா, உங்களுக்குப் பதிலா ஆபரேஷனை நானே பண்ணிக்கறேன்!" என்று கதறிவிட்டார்.

இயக்குநருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "எனக்குப் பதிலா எத்தனையோ வேலையை மத்தவங்க பாக்கறாங்க. இதை மட்டும் ஏன் விடணும்?"

ஆணை பிறந்தது. 'இயக்குநர் அவர்களின் ஞானப்பல், அன்னார் சார்பில், தட்டச்சரின் வாயிலிருந்து அகற்றப்படும்.'

மருத்துவர் ஈறைக் கீறி, எலும்பைக் குடைந்து, பல்லைத் துண்டு துண்டாக எடுத்தார். இயக்குநருக்கு ஒரு வாரம் ஓய்வும், துணிச்சலுக்குப் பாராட்டு விழாவும் கிடைத்தன. தட்டச்சர் வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டே பாராட்டுரையைத் தட்டச்சு செய்தார். கண் திறந்துவிட்டது, வலி போய்விட்டது. அவருக்கு அதுவே சொர்க்கம்.

விழா மேடையில், கழுத்தில் மாலை விழுந்த நேரம் பார்த்து இயக்குநரின் பல் சுரீரென்று இழுத்தது. "ஐயோ!" என்று கன்னத்தைப் பிடித்தார். சபை திகைத்தது. எடுத்த பல் எப்படி வலிக்கும்?

பணியாளர் மேலாளர் மேடைக்கு ஓடினார். "ஐயா, உங்க பல் போயாச்சு, சிரிங்க!" பிறகு தட்டச்சர் பக்கம் திரும்பி, "என்னய்யா வேடிக்கை பாக்கறே? அவர் சார்பில் எடுத்தது நீதானே? வலியும் உன் பொறுப்பு, முனகு!" என்றார்.

தட்டச்சர் கன்னத்தில் கைவைத்து முனகினார். பழக்கதோஷத்தில் சபை முழுவதும் கன்னத்தில் கைவைத்து முனகியது. வலித்த ஒரே ஆள் மேடையில் நின்று, கண்ணில் நீர் வழிய, புகைப்படத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்.