ஜெபத்துக்கு இரண்டு பெஞ்சு

ஆரியங்கோடு,
சனிக்கிழமை காலை.

கர்த்தருடைய கிருபையால் அயர்லாந்தில் சுகமாயிருக்கும் என் அருமை மகள் லிஷாவுக்கு, அப்பா யோசுவா அன்போடு எழுதுவது. இங்கே நான் சுகம். என் கைவிரல்கள் பத்தும் சுகம். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மீதியைப் பொறுமையாகப் படிப்பாய். போனில் நான் வாயைத் திறக்கும் முன்பே நீ அழ ஆரம்பித்துவிடுகிறாய். அதனால்தான் தாளில் எழுதிப் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். எழுத்து சின்னதாக இருந்தால் விரலால் இழுத்துப் பெரிதாக்கிக்கொள்.

கார் ஷெட்டில் நான் மரப்பட்டறை போட்டிருக்கிறேன் என்று பக்கத்து வீட்டு சாராம்மா உனக்கு வத்தி வைத்தது உண்மைதான். பஸ்ஸில் டிக்கெட் கிழித்த கைக்கு உளி எதற்கு என்று நீ கேட்டதும் நியாயம்தான். ஆனால் காரணம் நீதான் மகளே. போன தடவை வந்தபோது வீட்டில் கிடந்த நாற்காலிகளையெல்லாம் பழசு என்று தூக்கிக் கொடுத்துவிட்டு, பட்டனை அழுத்தினால் காலைத் தூக்கிவிடும் ஒற்றை சோபா ஒன்றை எனக்கு வாங்கிப் போட்டுவிட்டுப் போனாய். சோபா சுகம்தான், குறை சொல்லவில்லை. ஒருவர்தான் உட்காரலாம் என்பதுதான் சங்கடம். வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபம் ஒவ்வொரு வீடாகச் சுற்றி வருகிறதல்லவா, நம் கேட்டுக்கு வரும்போது மட்டும் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறது. ஜெபக்குழுவை நடத்தும் ஈசாக்கிடம் ஏன் என்று கேட்டேன். "நீரு ஒற்றைக்காக்கும் இருக்கியது, உமக்கு எதுக்கு பாடு? பின்ன, இருக்கியதுக்கு ஒரு கசேரயும் இல்லல்லா" என்றான். அன்பாகத்தான் சொன்னான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஆகவே பெஞ்சு செய்வது என்று இறங்கினேன். யூடியூபில் ஒரு தாடிக்காரப் பையன் மலையாளத்தில் "வளரெ எளுப்பம்", ரொம்பச் சுலபம் என்று சத்தியம் செய்தான், அவன் வீட்டில் கரண்ட் ஒழுங்காக வரும் போலிருக்கிறது, நான் அறுப்பு மெஷினைப் போட்டதும் பாதித் தெருவில் டிவி அணைந்தது, சாராம்மா கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்து, "யோசுவாண்ணே, சீரியல்ல அந்தப் பெண்ணுக்கு வெசம் குடுத்தவன் ஆருண்ணு சொல்லப்போற நேரமாக்கும்! இனி நான் ஆருட்டப் போயி கேக்க?" என்று கத்தினாள். உன் அம்மா சுகுமாரி கர்த்தரிடம் போனபிறகு நம் கேட்டைத் தள்ளிக்கொண்டு ஒருவர் உள்ளே வந்தது அன்றுதான். உள்ளே வந்து இருந்து திட்டேன் என்றேன். இருக்க இடமில்லாததால் நின்றுகொண்டே திட்டிவிட்டுப் போனாள். மறுநாளும் அதே நேரத்துக்கு மெஷினைப் போட்டேன்.

மூன்று பெஞ்சுக்கென்று மரம் அறுக்கும் தடிமில்லில் வாங்கிய ரப்பர் மரத்தில், அளவு தப்பித் தப்பி அறுத்து, இரண்டுதான் தேறியது. ஒன்றில் ஏறி உட்கார்ந்தால் கால் தரையில் படாது. இன்னொன்றின் காலைச் சமப்படுத்துகிறேன் என்று மாறி மாறி அறுத்ததில் அது தரையோடு ஒட்டிக்கொண்டது. ஆனாலும் பெஞ்சு பெஞ்சுதானே. ஈசாக்கைக் கூட்டிவந்து காட்டினேன். அவன் இரண்டையும் கையால் ஆட்டிப் பார்த்துவிட்டு, "செரி, வாறோம்" என்றான்.

நேற்று ஜெபம் நம் வீட்டில் நடந்தது. இரண்டு பெஞ்சும் நிறைய ஆள். வேதம் வாசித்து, பாடி, ஆசீர்வாதம் சொல்லி, எல்லோரும் "ஆமென்" என்று எழும்பப் பார்த்தார்கள், ஒருவராலும் முடியவில்லை. ஐப்பசி மழையில் வார்னிஷ் எங்கே காயும்? ஈசாக்கின் வெள்ளை வேட்டி, சாராம்மாவின் சேலை, எல்லாம் பெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. "கர்த்தாவே, இது எனக்க மருமவ எடுத்துத் தந்த சாரியாக்கும்!" என்று சாராம்மா அலறினாள். நான் தேங்காய் எண்ணெய் தடவி ஓரம் ஓரமாகப் பிரித்தேன், அவசரப்படவில்லை. காத்திருக்கிறவர்களுக்கு அவித்த மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் கட்டன்சாயாவும் கொடுத்தேன். ஈசாக் முட்டுவலி புராணம் முழுவதும் சொன்னான். மீன்கறியைத் தொட்டு வாயில் வைத்த சாராம்மா, "சுகுமாரியக்க கைப்பக்குவம் இதுல இல்ல, அண்ணே" என்றாள். அம்மாவின் பெயரை இந்த வீட்டில் இன்னொருவர் வாயால் கேட்டு எவ்வளவு நாளாயிற்று, லிஷா. எனக்கு அழுகை வந்துவிட்டது, எண்ணெய்க் குப்பியை எடுப்பதுபோல அடுக்களைக்குப் போய்விட்டேன்.

இனி நீ கவலைப்பட வேண்டாம். நீ சொன்னபடியே பட்டறையை மூடிவிட்டேன். மெஷினை, வாங்கின தடிமில்காரனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். எனக்கு ஒரு குறையும் இல்லை. உன்னையும் மருமகனையும் பிள்ளைகளையும் அந்தக் குளிர் தேசத்தில் கர்த்தர் தமது செட்டைகளின் கீழ் வைத்துக் காக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா,
யோசுவா.

பி.கு.: மழை என்று எழுதியது பொய். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. வார்னிஷ் நன்றாகத்தான் காய்ந்திருந்தது. ஜெபத்துக்குக் கொஞ்சம் முன்னால் நான்தான் இன்னொரு தடவை பூசினேன். ஆமென் சொன்னதும் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவார்களே என்று பயம். மெஷினையும் கொடுக்கவில்லை. இப்போதுதான் ஈசாக் கேட்டில் நின்று சொல்லிவிட்டுப் போகிறான், அடுத்த வெள்ளியும் நம் வீட்டில்தானாம். பெஞ்சு வேண்டாமாம், ஆளுக்கொரு பாய் கொண்டு வருகிறார்களாம். பாயில் எதைத் தடவுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன், மக்கா.