சென்னப்பன் வீட்டுப் புகைக் குறைப்புத் திட்டம்

ஓசூர் கம்பெனியில் மின்சாரச் சிக்கனக் கமிட்டி என்று ஒன்றை ஆரம்பித்து, ஃபிட்டர் சென்னப்பனை அதற்குச் செயலாளராகப் போட்டாலும் போட்டார்கள், மனுஷனுக்குக் கால் தரையில் பாவவில்லை. கரண்ட்டை மிச்சம் பிடித்தே உலகத்துப் புகையையெல்லாம் தான் ஒருத்தனே ஒழித்துவிடுவதாக நினைப்பு. முதல் சட்டம் வீட்டில், பெண்டாட்டி மேல்தான் பாய்ந்தது.

“ராஜாத்தி! இந்தத் தடவை மீட்டர் ரீடிங் எடுப்பாங்க இல்ல, அதுதான் அடிப்படை. அடுத்த தடவை அதுல பாதிதான் இருக்கணும்.”

“அப்ப இந்தத் தடவை எவ்வளவு ஓடினாலும் கேக்க மாட்டீங்க?”

“அடிப்படைக்கு ஏதுடி கேள்வி?”

“பாதியாக்கிட்டா?”

“என் பைக்கை வித்துட்டு சைக்கிள்ல போறேன். போதுமா?”

அந்த பைக் அவனுக்கு உயிர். பதினைந்து வயசான கிழட்டு வண்டி. ஒரு உதை உதைத்தால் சந்து முழுக்கப் புகை. கொடியில் காயும் ராஜாத்தியின் சேலைகளுக்கெல்லாம் சாம்பிராணி போட்டுவிட்டுத்தான் தினமும் வேலைக்குக் கிளம்பும். அவளாவது, பாதியாக்குவதாவது என்ற தெம்பில் ஐயா வாக்குக் கொடுத்துவிட்டார்.

ரீடிங் வந்தது. அறுநூற்று நாற்பது யூனிட்! சென்னப்பனுக்கு ஒரே குஷி.

“பாத்தியா, எவ்வளவு வேஸ்ட்டு!”

பழைய மீட்டர் கார்டை ஒரு புரட்டுப் புரட்டிப் பார்த்திருக்கலாம். செயலாளருக்கு அதற்கெல்லாம் ஏது நேரம்!

அடுத்த ரீடிங், முந்நூற்றுப் பத்து. அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனாலும் பெருமையை விட முடியுமா? நேரே கம்பெனியில் போய்ச் சொன்னான். கைதட்டல், மாலை, நோட்டீஸ் போர்டில் போட்டோ.

சாயங்காலம் பக்கத்து வீட்டு வெங்கடம்மா வாசலிலேயே மடக்கினாள்.

“ஏன் சென்னப்பா, முன்னாடி ரெண்டு மாசம் இந்தத் தெருவுக்கே உங்க கிரைண்டர்லதான் மாவு. அயர்ன் பாக்ஸும் உங்களுதுதான். ராஜாத்தியே கூப்பிட்டுக் கூப்பிட்டு ஆட்டிக் குடுத்தா. இப்ப ஒரு படி அரிசி போட மாட்டேங்கறா. நீ ஏதாச்சும் திட்டினியா?”

சென்னப்பன் உள்ளே பாய்ந்தான்.

“மோசடிடி இது! நாளைக்கே கம்பெனியில சொல்லிடறேன்!”

“தாராளமா சொல்லுங்க. போர்டுல இருக்கறது யாரு போட்டோ, என்னுதா?”

அந்த வாரமே ஊத்தங்கரையிலிருந்து ஒரு ஆள் வந்து பைக்கை ஓட்டிக்கொண்டு போனான். சந்து முனையில் கடைசிப் புகை கலைகிற வரைக்கும் சென்னப்பன் நின்று பார்த்தான். நிஜமாகவே அழுகை வந்தது.

மறுநாள் காலை சைக்கிளில் ஏறி உட்கார்ந்துகொண்டு உறுமினான். “வருஷா வருஷம் பாதியாக்கணும்னு கமிட்டியில தீர்மானம் போட்டிருக்குது. அடுத்த வருஷம் பாத்துக்கறேன் உன்னை!”

வாசலுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த ராஜாத்தி நிமிரவே இல்லை.

“சைக்கிள்ல பாதின்னா நடைதாங்க. இப்பவே பழகிக்குங்க.”