மூன்று கமராவும் ஒரு காகமும்

உ

வெள்ளவத்தை,
20.06.2007

அன்பு மகன் குகநேசனுக்கு,

கொழும்பிலிருந்து அம்மா எழுதுவது. இங்கே நானும் அருந்ததியும் பிள்ளையார் காவலில் சுகமாக இருக்கிறோம்; அங்கே நீயும் மருமகள் வத்சலாவும் பிள்ளைகளும் இருமல் தடிமன் இல்லாமல், ஒருவரோடொருவர் கோபமில்லாமல் இருக்க வேண்டுமென்று அதே பிள்ளையாரிடம்தான் சொல்லி வைத்திருக்கிறேன். ரெலிபோனில் நான் அரைவாசி சொல்லும்போதே நீ "சரி அம்மா, சரி அம்மா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி இடையில் வைக்க முடியாது தானே, அதனால் எழுதுகிறேன்.

முதலில் நல்ல விசயங்கள். உன் மகன் நிரோஜன் பள்ளிக்கூட நீச்சல் போட்டியில் இரண்டாவதாக வந்ததை நீ சொன்ன அன்றே இந்தத் தொடர்மாடி முழுவதற்கும் தெரியப்படுத்திவிட்டேன். முதலாவதாக வந்த பிள்ளை அவனைவிட ஒரு முழம் உயரமாம் என்பதையும் சேர்த்துச் சொன்னேன், அது நியாயம் தானே. உன் மகள் ஆரணி, கோயில் விழாவில் தாளைப் பார்க்காமல் தேவாரம் பாடினாளாம். ரொறன்ரோவில் பிறந்த பிள்ளை ழகரம் பிசகாமல் பாடுகிறது என்றால் அது வத்சலாவின் பொறுமை, என்னுடைய இரத்தம். வவுனியாவில் உன் தங்கை பத்மாவதியின் சின்னவன் சதுரங்கப் போட்டியில் மீசை வைத்த ஒரு பெடியனைத் தோற்கடித்து வீட்டுக்கு அனுப்பியிருக்கிறான். அவளுடைய மூத்தவள், என்னோடு இருக்கிற அருந்ததி, சாதாரண தரச் சோதனையில் எல்லாப் பாடத்திலும் ஏ எடுத்தவள் என்பது உனக்குத் தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன். இப்போது ரியூசனில் உயிரியல் சேர் இவளுடைய விடையைத்தான் மற்றப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுகிறாராம். ஆகஸ்ட் மாதம் உயர்தரச் சோதனை. அது முடியுமட்டும் இந்த வீட்டில் அவளுக்குப் பால் ஆறக்கூடாது, ரீவி சத்தம் கேட்கக்கூடாது, யாரும் அவளை இடம் மாற்றக்கூடாது. இந்தக் கடிதம் முழுக்க அதைப் பற்றித்தான்.

நீ போன மாதம் சொன்னது இன்னும் என் காதில் நிற்கிறது. "அம்மா, அங்கத்தை நிலைமை சரியில்லை. நான் அனுப்பிற கமராவைப் பூட்டுங்கோ. நான் இஞ்சையிருந்து கம்ப்யூட்டரிலை பாக்கக்கூடியதா இருக்கோணும். இல்லையெண்டால் இந்த ஆனியோடை பிளட் வீட்டைக் குடுத்துப்போட்டு நீங்கள் இஞ்சை வாங்கோ, அருந்ததி ஹொஸ்டலுக்குப் போகட்டும்" என்றாய். நீ பாசத்தில்தான் சொன்னாய். அருந்ததி அன்று சோறு சாப்பிடவில்லை. கொழும்பில் ஒரு வவுனியாப் பிள்ளை, தெரியாத அறையில், கதவைத் தட்டினால் எழும்பிப் போய்ப் பதில் சொல்ல ஒரு கிழவிகூடப் பக்கத்தில் இல்லாமல், எப்படி மகனே படிக்கும்? ஆகையால் கமராவைப் பூட்டி உன் வாயை அடைப்பது என்று நானும் அவளும் முடிவெடுத்தோம்.

உன் சிநேகிதன் கொண்டுவந்து தந்த பொதிக்குள் மூன்று கமராவும், ஆள் அசைந்தால் அலறுகிற ஒரு சென்சரும், ஓர் இங்கிலீசுப் புத்தகமும் இருந்தன. ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு இங்கிலீசு தெரியாவிட்டாலும் படம் படம்தானே, படங்களைப் பார்த்தேன். கறுப்புத் துணியால் முகத்தை மூடிய ஒருவன் யன்னலால் காலைப் போடுகிறான். கனடாக் கள்ளன் அப்படி வருவான் போலிருக்கிறது. இங்கே வருகிறவர்கள் கதவைத் தட்டி, பெயர் ஊர் கேட்டுத்தான் வருகிறார்கள். அந்தப் புத்தகத்தில் அதற்குப் படம் இல்லை.

கமரா பூட்ட வந்தவர் நிலாம். கிராண்ட்பாஸில் இருந்து வருகிறவர், அரைவாசி வெள்ளவத்தைக்கு அன்ரனா பூட்டியவர், நல்ல உடம்பு, ஏணியில் ஏறினால் ஏணிதான் முனகும். வந்தவுடன் "எங்க ஆச்சி வெக்கிற?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்கு விடை சொல்ல ஒரு பகல் போய்விட்டது. நீ சொன்ன இடங்கள் முன்னறை, சமையலறை, வாசல் கதவு. சமையலறையில் வைத்தால் வத்சலா அங்கிருந்து என் குழம்பைப் பார்ப்பாள். பார்த்தால் எண்ணெய் கூட என்பாள். முன்னறையில் வைத்தால் நான் மத்தியானம் வாயைத் திறந்துகொண்டு நித்திரை கொள்வதை நிரோஜன் தன் சிநேகிதர்களைக் கூப்பிட்டுக் காட்டுவான். உயிர்ப்பிராணிகளைப் பார்க்க விரும்புகிறவர்களுக்குத் தெஹிவளையில் அரசாங்கம் இடம் வைத்திருக்கிறது. வீட்டுக்குள் ஒரு கமராவும் இல்லை என்று முடிவாகச் சொல்லிவிட்டேன். ஆபத்து வெளியிலிருந்துதானே வருகிறது?

அதற்குள் செய்தி பரவிவிட்டது. மேல்மாடி மாக்ரெட், கொட்டாஞ்சேனையில் இருந்து இங்கே வந்தவள், வந்து நின்று, "அக்கா, ஒண்ண மட்டும் கொஞ்சம் என் பூச்சாடிப் பக்கமா திருப்பச் சொல்லுங்க. எவளோ என் அந்தூரியத்த ஒடச்சிட்டுப் போறா" என்றாள். கீழ்மாடி நாகேந்திரம் மாஸ்டர், ஓய்வெடுத்த பிறகும் ஓயாதவர், பேப்பரை ஆட்டிக்கொண்டு வந்தார். "மிசிஸ் நவரத்தினம், என்ரை பேப்பரை எனக்கு முதல் ஆரோ வாசிக்கினம். குறுக்கெழுத்துப் போட்டியும் நிரப்பிக் கிடக்கு. கமரா அதைத்தான் முக்கியமாப் பாக்கோணும்." "நிரப்பினது சரியா பிழையா?" என்று கேட்டேன். "அதுதான் கவலை, முழுக்கச் சரி" என்றார். நிலாம் ஏணியில் இருந்தபடியே, "இருக்கு" என்பதை "ஈக்கி" என்கிற தன் பேச்சில், "ஆச்சி, ஈக்கிறது மூணு கமரா. கட்சி நாலு ஈக்கி. யாராவது ஒராள் விட்டுக் குடுங்க" என்றார். நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. பல்கனியிலிருந்து ஒழுங்கை வாயைப் பார்க்க ஒன்று, கேற்றடியில் ஒன்று, எங்கள் கதவுக்கு வெளியே படிக்கட்டில் ஒன்று. அருந்ததி காலி வீதியில் பஸ்ஸால் இறங்கி ஒழுங்கைக்குள் காலை வைத்ததில் இருந்து கதவு திறக்கும்வரை ஒரு கண்ணில் இருந்து மற்றக் கண்ணுக்கு அவளைக் கைமாற்றிக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும், அதுதான் என் கணக்கு.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. வீட்டுக்குப் புதுச் சாமான் வந்தால் சும்மா விடலாமா? உன் அப்பா முதன்முதல் சைக்கிள் வாங்கியபோது ஹாண்டிலுக்கும், நீ அனுப்பிய பிரிட்ஜ் வந்தபோது அதன் கதவுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துத்தானே தொட்டோம். கமராவுக்கு முகம் எது என்று பார்த்தேன். நட்டநடுவில் வட்டமாக, பளபளவென்று ஒன்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அருந்ததி பள்ளிக்கூடம் போயிருந்தாள். கதிரையில் ஏறி இரண்டுக்கும், கேற்றடியில் எட்டாமல் இருந்ததற்குத் தும்புத்தடி நுனியில் தொட்டும், தாராளமாக வைத்து, கற்பூரமும் காட்டிவிட்டு வந்தேன். அங்கே நீ படுக்கப் போகுமுன் கம்ப்யூட்டரைத் திறந்தால் மூன்று பெட்டியிலும் ஒரே சிவப்பு. உன் மேலும் பிழை இல்லை, இந்தக் காலத்தில் சிவப்பைக் கண்டால் யாரும் குங்குமத்தை நினைப்பதில்லை. நீ எடுத்த நேரம் எங்கள் ரெலிபோன் கொளுவியில் சரியாக இருக்கவில்லை, நீ வவுனியாவுக்கு எடுத்துத் தங்கையை அழப்பண்ணி, அவள் மாக்ரெட்டுக்கு எடுத்து, மாக்ரெட் செருப்பில்லாமல் ஓடி வந்து கதவைத் தள்ளினால் நான் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருக்கிறேன். "அக்கா, நீங்க உசுரோடயா இருக்கீங்க?" என்றாள். "ஏன், ஆருக்கு அதிலை குறை?" என்றேன். அவள் அப்படியே தரையில் இருந்துவிட்டாள், தேத்தண்ணி போட்டுக் கொடுத்துத்தான் எழுப்பினேன். நிலாம் திரும்ப வந்து பார்த்துவிட்டு, "ஆச்சி, அது அதுட கண்ணு. கண்ணுக்குள்ள சந்தனத்த அப்பினா அது என்னத்தப் பாக்க?" என்றார். "அப்ப நெத்தி எது தம்பி?" என்று கேட்டேன். அவர் விரலால் தொட்டுக் காட்டி, "மேல ஈக்கி பாருங்க, அத நெத்தின்னு வெச்சிக்கோங்க" என்றார். இப்போது மூன்றுக்கும் நெற்றியில்தான் பொட்டு. நீ தெளிவாகப் பார்க்கிறாய்.

சென்சர்தான் பெரிய பாடு. கள்ளன் பல்கனியால் ஏறுவான் என்று நாகேந்திரம் மாஸ்டர் சொன்னதைக் கேட்டு அதைப் பல்கனியில் வைக்கச் செய்தேன். சனிக்கிழமை எனக்கு விரதம், காகத்துக்கு எள்ளுச் சோறு வைத்துவிட்டுத்தான் நான் சாப்பிடுவது. வழக்கம்போல வாழையிலைத் துண்டில் வைத்துவிட்டு உள்ளே வந்து, யன்னலால் "கா கா" என்று கூப்பிட்டேன். வந்தது. அவ்வளவுதான். அந்தச் சின்னப் பெட்டிக்குள் அவ்வளவு பெரிய தொண்டை இருக்குமென்று நான் நினைக்கவில்லை. காகம் சோற்றை விட்டுவிட்டுக் கடல் பக்கம் போய்விட்டது. மற்ற நாட்டில் இப்படிச் சத்தம் கேட்டால் சனங்கள் என்ன செய்வார்களோ தெரியாது. எங்கள் தொடர்மாடியில் ஒரு கதவு திறந்தது, பிறகு மற்றக் கதவு, எல்லாரும் படியிறங்கிக் கேற்றடியில் வரிசையாக நின்றுவிட்டார்கள். கையில் அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு. எங்காவது ஏற்றிக்கொண்டு போனால் உதவுமென்று நாகேந்திரம் மாஸ்டர் உடுப்புப் பையோடு வந்திருந்தார், அதில் பல் தூரிகை வெளியே தெரிந்தது. மாக்ரெட் செபமாலையோடு. ஒருவரும் கூப்பிடவில்லை, ஒருவரும் வரிசையில் நில் என்று சொல்லவில்லை. பழக்கம்.

சந்திச் சோதனைச் சாவடியில் இருந்து ஒரு சார்ஜனும் இரண்டு பொலிஸ்காரரும் ஓடிவந்தார்கள். சார்ஜன் வரிசையைப் பார்த்துத் திகைத்து, "மொகத மே?" என்றார், என்ன இது என்று. நாகேந்திரம் மாஸ்டர் அட்டையை நீட்டினார். நீட்டினால் வாங்காமல் விடலாமா, அவர் வாங்கினார். ஒருவருடையதைப் பார்த்தால் மற்றவருடையதையும் பார்க்கத்தானே வேண்டும்? ஒரு காகத்துக்காக எங்கள் தொடர்மாடி முழுவதும் சோதிக்கப்பட்டது. அருந்ததியின் முறை வந்தது. அவளுடைய அட்டையில் வவுனியா விலாசம். சார்ஜன் அதைத் திருப்பினார், திரும்பவும் திருப்பினார். நான் எள்ளுச் சோற்றுக் கையோடு முன்னுக்கு வந்து எனக்குத் தெரிந்த சிங்களத்தில், "மகே மினிபிரி மாத்தயா, விபாகேட்ட பாடம் கரனவா" என்றேன், என் பேத்தி, சோதனைக்குப் படிக்கிறாள் என்று. பிறகு சத்தம் போட்டது யார் என்பதையும் சொன்னேன். "கப்புட்டாத?" என்றார், காகமா என்று. கையால் பறந்து காட்டினேன். அப்போதுதான் அவர் நிமிர்ந்து கேற்றடிக் கமராவைக் கண்டார். என் மகன் கனடாவில் இருந்து பார்க்கிறான் என்று பெருமையோடு சொன்னேன். "தென் பேனவத?" என்று கேட்டார், இப்போதும் தெரிகிறதா என்று. "ஒவ் மாத்தயா, ஹொந்தட்ட பேனவா" என்றேன், நன்றாகத் தெரிகிறது என்று. மனுசன் தொப்பியை நேராக்கினார், வயிற்றை உள்ளே இழுத்தார், அருந்ததியின் அட்டையை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்து, "ஹொந்தட்ட பாடம் கரன்ன துவே" என்றார், நன்றாகப் படி மகளே என்று. அந்த நேரம் உனக்கு நடுச்சாமம், நீ நித்திரை என்பதை நான் அவருக்குச் சொல்லவில்லை.

இப்போது எல்லாம் ஒழுங்கு. சென்சரை நிலாம் கழற்றிப் பின்கதவடியில் வைத்துவிட்டார், காகம் படியேறி வராது. கமராக்கள் மூன்றும் நான் சொன்ன இடத்தில்தான் இருக்கின்றன, அதில் மாற்றம் இல்லை. பின்னேரங்களில் அருந்ததி ஒழுங்கைக்குள் வரும்போது நிமிர்ந்து கையைக் காட்டுகிறாளே, அது உனக்குத்தான். ஆகவே மகனே, ஹொஸ்டல் கதையும் வேண்டாம், கனடாக் கதையும் வேண்டாம். அவள் டொக்டராகி வந்து முதலில் என் முழங்காலைப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறாள். களுபோவில ஆஸ்பத்திரியின் நீண்ட வரிசையைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்த நினைப்புத்தான். நாங்கள் இரண்டு பேரும் இங்கே பயத்தோடு இல்லை, படிப்போடு இருக்கிறோம்.

வத்சலாவுக்கு என் அன்பு. பிள்ளைகளின் நெற்றியில் என் கையால் திருநீறு பூசுவதாக நினைத்துப் பூசிவிடு. உன் வீட்டுக் கதவு எப்போதும் நல்லவர்களுக்கே திறக்கட்டும்.

இப்படிக்கு,
அம்மா,
ந. பாலேஸ்வரி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டிய பிறகு கேத்தில் ஆவியில் பிடித்துத் திறந்து இதை எழுதுகிறேன். நேற்று அந்தச் சார்ஜனே தொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டு வாசலுக்கு வந்தார். கனடாவில் தங்களைப் பார்க்கிறார்கள் என்று அவர் பெருமையாகப் பொலிஸ் நிலையத்தில் சொல்லியிருக்கிறார். அங்கே இருக்கிற பெரிய அதிகாரி அதைக் கேட்டுவிட்டு, சந்தியை யாரும் எங்கிருந்தும் பார்க்க வேண்டாம் என்று உத்தரவு போட்டுவிட்டாராம். ஒழுங்கையும் கூடாது, கேற்றும் கூடாது, படிக்கட்டும் கூடாது. வீட்டுக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் பாருங்கள் என்றார். நிலாம் வந்து மூன்றையும் கழற்றி, முன்னறையில் ஒன்று, சமையலறையில் ஒன்று, உள்ளிருந்து வாசல் கதவைப் பார்க்க ஒன்று பூட்டிவிட்டார். நீ முதல் சொன்ன அதே இடங்கள். ஆகையால் மேலே இடங்களைப் பற்றி நான் எழுதியது ஒன்றையும் கணக்கில் எடுக்காதே. நேற்றுப் பின்னேரமே நீ எடுத்து, "அம்மா, சாப்பிட்டீங்கள், பாத்தனான். அருந்ததி மேசையிலை இருந்து படிக்கிறாள், பாத்தனான். சரி, சோதனை முடியட்டும், பிறகு கதைப்பம்" என்றாய். இந்த மாதத்தில் முதன்முறையாகக் கனடாவுக்கு வா என்று சொல்லாமல் வைத்தாய். பிறகு நீ மாறாமலிருக்க அதை இங்கே எழுத்தில் வைத்திருக்கிறேன். அருந்ததி சிரித்துக்கொண்டு இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டாள், அதையும் பார்த்திருப்பாய். இனி நீ என்னை நாள் முழுக்கப் பார்க்கிறாய். எனக்குத்தான் உங்களைப் பார்க்க ஒன்றுமில்லை. அலுமாரிக்கு மேலே இருக்கிற படத்தில் ஆரணிக்குப் பல் முளைக்கவில்லை, உனக்குத் தலையில் மயிர் இருக்கிறது. நாலு பேரும் தொப்பி, கறுப்புக் கண்ணாடி எல்லாம் கழற்றிப்போட்டு, முகம் தெரிய நெருங்கி நின்று, புதிதாக ஒரு படம் எடுத்து உடனே தபாலில் போட்டுவிடு.